ஷியர் போல்ட் தீர்ந்த நாள்

என் வீட்டுக்காரரின் கால் உடைந்ததற்குக் காரணம் விரல் நீளமே இருக்கும் ஒரு பின். டிராக்டருக்குப் பின்னால், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டும்போது, அது கழன்று விழாமல் இருக்க ஒவ்வொரு பக்கத்திலும் வளையம் வைத்த ஒரு பின்னைச் செருகுவார்கள். லிஞ்ச் பின் என்று பெயர். அதில் ஒன்று எந்த வயலிலோ விழுந்து தொலைந்துவிட்டது. வேறொன்று வாங்கிவிடலாம் என்று சொன்னேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு கடைக்குப் போவணும்?" என்று கேட்டுவிட்டு, வேலிக்கம்பியில் ஒரு துண்டை வெட்டி வளைத்து மாட்டிக்கொண்டார்.

சில வாரம் அந்தக் கம்பி தாங்கியது. ஒரு காலையில், வீட்டுக்கு எதிரே உள்ள காலி இடத்தில் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, பிளேடில் சுற்றியிருந்த புல்லை இழுத்துக்கொண்டிருந்தார். கம்பி நெளிந்து வெளியே வந்துவிட்டது. அந்த இரும்புப் பாரம் ஒரு பக்கமாகச் சரிந்து அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியது. நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டவுடனே அடுப்பை அணைக்காமல் ஓடினேன்.

நாங்கள் ஸ்கெலட்டனில், சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம். என் அப்பாவும் என் வீட்டுக்காரரின் அப்பாவும் தங்கம் எடுக்கப் பூமிக்கு அடியில் போய் வந்தவர்கள். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் தலைமுறைக்கு மிச்சமிருந்தது ரயில்தான். விடிவதற்குள் ஏறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்பி வருவது. நான் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்த துணியைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அவர் வேறொரு தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருந்தார். ஒருநாள், இனிமேல் நின்றுகொண்டே பெங்களூர் போக தன் இடுப்பால் ஆகாது என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு, யாரோ விற்ற பழைய மினி டிராக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் சின்னச் சின்னத் துண்டு நிலம். பாறைக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் கேவுரு என்று நாங்கள் சொல்லும் கேழ்வரகு கொஞ்சம், தக்காளி கொஞ்சம். பெரிய டிராக்டர் அங்கே நுழையவும் முடியாது, திரும்பவும் முடியாது. அதனால் எங்கள் சின்ன வண்டிக்கு வேலை இருந்தது.

கால் உடைந்தது விதைப்புக்கு முந்தைய நாட்களில். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கூலிக்கு ஓட்ட ஒருவரை வைத்தோம். அவர் பெரிய வண்டி கிடைத்ததும் சொல்லாமல் போய்விட்டார். நான் ஏற்கெனவே லீவில் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு நானே ஏறினேன். வண்டியை நேராக ஓட்டவும் திருப்பவும் விளையாட்டாக முன்பே கற்றிருந்தேன். ரோட்டவேட்டரை இறக்கி உழுவதை, சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சைனைடு மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மைதானத்தில் பழகினேன். மேடு வெயிலில் வெள்ளையாகப் பளபளக்கும். அந்தப் பக்கம் பார்க்காமல் பின்னால் திரும்பி பிளேடையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் அமைதி இல்லை. அவர் ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்குவார். போனைக் கையிலிருந்து இறக்கமாட்டார். எனக்கோ உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்காவது போகத் தோன்றும். ரயிலைப் பிடிக்க ஓடி ஓடிப் பழகிய கால்கள் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையில் அது பயம். ஒரு சின்னப் பின் இல்லாமல் ஒரு மனிதர் படுக்கையில் கிடக்கிறார். இன்னும் எது எது இல்லாமல் என்ன என்ன ஆகுமோ என்று மனம் வண்டியின் ஒவ்வொரு இடமாகப் போய்ப் போய்த் திரும்பும்.

முதலில் ஒரு பிடி லிஞ்ச் பின் வாங்கி வந்தேன். இரண்டு போதும் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் ஃபேன் பெல்ட் பூனை மாதிரிக் கத்தியது. அதற்கு ஒன்று வாங்கினேன். நடு வயலில் இஞ்சின் விக்கி விக்கி நின்றுபோனபோது, டீசல் ஃபில்டரில் அழுக்கு அடைத்திருப்பதும், அதை மாற்றிய பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் வண்டி கிளம்பாது என்பதும் தெரிந்தது. அன்றிலிருந்து புது ஃபில்டர் ஒன்றும், காற்றை வெளியேற்றும் திருகுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் என்னோடு வந்தன. ரேடியேட்டர் ஹோஸ், அதை இறுக்கும் கிளிப், ஃபியூஸ், கிரீஸ் கன், கொஞ்சம் இஞ்சின் ஆயில், கந்தல் துணி, காத்து அடிக்க ஒரு பம்ப். எல்லாம் ஒரு பழைய தக்காளி கிரேட்டில். மட்கார்டுக்குப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடுவேன்.

"நீ டிராக்டர் ஓட்டப் போறியா, கடை வெக்கப் போறியா?" என்று கட்டிலில் இருந்தபடி சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. பௌர்ணமியன்று புத்த விகாரைக்குப் போய் எல்லாரோடும் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். எனக்கு மூச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முன் டயரில் ஒரு வெடிப்பு பார்த்திருந்தேன், அதுதான் கண்ணுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

சாம்பியன் ரீப்ஸைத் தாண்டி ஒரு சரிவில் ஓர் அக்காவுக்கு நிலம் இருந்தது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நிலத்தை அவரே தனியாகப் பார்த்துக்கொள்கிறார், ஒரு பழைய மொபெட்டில் எங்கும் போய்வருவார். போன வருஷம் யாரும் நேரத்துக்கு வராததால் அவருடைய கேவுரு விதைப்பே நடக்கவில்லை. அதனால் இந்த வருஷம் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு, எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் போன காலையில் மேற்கே மேகம் கறுத்திருந்தது. அக்கா வானத்தைக் காட்டி, "மளெ பர்த்தா இதெ, மழை வருது பார். சீக்கிரம் முடிச்சிடும்மா" என்றார்.

முதல் பாதி நன்றாகப் போனது. மண் பொடிப்பொடியாகச் சிவந்து பின்னால் விழுந்தது. அக்கா முறத்தில் விதையை வைத்துக்கொண்டு, உழுத இடத்தில் பின்னாலேயே தூவிக்கொண்டு வந்தார். கீழ்ப்பக்கத்தில் திரும்பும்போது டமார் என்று ஒரு சத்தம். ரோட்டவேட்டர் சுற்றுவதை நிறுத்திவிட்டது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஷியர் போல்ட் உடைந்திருந்தது. டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டில் அந்த போல்ட் இருக்கும். பிளேடு பாறையில் மாட்டிக்கொண்டால் அது முதலில் உடைந்து, மற்றதையெல்லாம் காப்பாற்றும். உடைவதற்கென்றே செய்த போல்ட். என் கிரேட்டில் இரண்டு இருந்தன. ஒன்றைப் போட்டேன். வண்டி இரண்டு அடி நகர்வதற்குள் அதுவும் உடைந்தது.

இறங்கி, ரோட்டவேட்டரைத் தூக்கி, அடியில் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பிளேடுகளுக்கு நடுவில் கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்பு வடம் சுற்றிச் சிக்கியிருந்தது. சுரங்கத்தில் கூண்டை இறக்க ஏற்ற வைத்திருந்த கம்பி வடத்தைச் சேர்ந்தது போல. எப்போதோ அறுந்ததையோ தேய்ந்ததையோ இந்தச் சரிவில் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அதன் மேல் மண் மூடி, புல் முளைத்து, யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. ஒரு முனை ரோட்டவேட்டரில். மறு முனை பூமிக்குள் எங்கேயோ.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க மாமனார் காலத்துல இருந்து இங்க மாட்டு ஏர் ஓடிச்சி. ஒண்ணியும் மாட்டலியே!"

"ஏரு மேலாப்ல போயிருக்கும்கா. இது ஆழமா கிளறுது" என்றேன்.

கிரேட்டில் இரும்பு அறுக்கும் ஒரு ஆக்ஸாவும் ஒரே ஒரு பிளேடும் இருந்தன. வடத்தில் பல புரி. ஒவ்வொரு புரியிலும் பல கம்பி. அறுக்க அறுக்கப் பிளேடின் பல் போய், கடைசியில் பிளேடே ஒடிந்தது. அக்கா ஓடிப்போய் ஓர் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். ஒரு கல்லை அடியில் வைத்து, ஒருவர் பிடிக்க ஒருவர் அடித்தோம். அறுந்த கம்பி முனைகள் முள் மாதிரி நின்றன. அக்கா இரண்டு கையிலும் சாக்கைச் சுற்றிக்கொண்டு இழுப்பார், நான் பிளேடைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொடுப்பேன். அவர் முழங்கையில் ரத்தம் கோடு போட்டிருந்தது. கவனிக்கக்கூட இல்லை. வானத்தைத்தான் பார்த்தார்.

இதற்கு நடுவில் போன் அடித்தபடியே இருந்தது. எடுத்தால் என் வீட்டுக்காரர்தான்.

"ஆச்சா?"

"இல்லீங்க. ரோப்பு சுத்திக்கிச்சி. வெட்டிக்கினு இருக்கோம்."

"எந்தப் பக்கம் சுத்திகீது? லெஃப்ட்டா, ரைட்டா? ஆயில் சீல் பக்கம் போயிருக்கா பாரு."

"பாக்கறேன், வைங்க."

வைப்பார். சற்று நேரத்தில் மறுபடியும் அடிக்கும்.

ஒருவழியாக வடத்தை உருவி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே போல்ட்டைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு புரி மிச்சமிருந்திருக்கிறது. அந்த போல்ட்டும் உடைந்தது. அந்தப் புரியையும் எடுத்தோம். ஆனால் இப்போது போட போல்ட் இல்லை.

போனில் அவரிடம் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கிரேட்டுல கெட்டி போல்ட் ஒண்ணு கீதே, சைஸ் ஒண்ணுதான். அத்த போட்டு ஓட்டு. மீதி கொஞ்சம் தானே."

"அது ஒடையாதுங்க."

"ஒடையலன்னா நல்லது தானே!"

"திரும்பவும் ஏதாச்சும் மாட்டிச்சின்னா போல்ட்டு ஒடையாது, கியர்பாக்ஸ் ஒடையும்."

"மழை வருதுன்றே. அந்தம்மா விதை போட வேணாமா? ஒரு ரவுண்டு தானே, நான் சொல்றத கேளுமே."

அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போட்டு ஓட்டும்மா. ஒண்ணும் ஆவாது" என்றார் அவரும்.

போனில் சொன்னேன்: "அன்னிக்கி அந்த வேலிக்கம்பியையும் இப்டித்தான் மாட்டினீங்க."

போன் கட்டானது.

நான் உடைந்த போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் இறுகியது. நான் சாலைவரை நடந்து, ஆட்டோ பிடித்து, போய் வருவதற்குள் நாளே போய்விடும் என்றார். நான் நடக்க ஆரம்பித்தேன். பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமலே, "ஏறு" என்றார்.

வழியில் அக்கா பள்ளங்களுக்கு ஒதுங்காமல் அதிலேயே இறக்கி ஏற்றினார். காற்றில் ஈரவாசனை வந்துவிட்டது. நான் பின்னால் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருவேளை வீட்டுக்காரர் சொன்னதுதான் சரியோ, நான்தான் இந்த அம்மாவின் வருஷத்தைக் கெடுக்கிறேனோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

முதல் கடை வெறும் இரும்புச் சாமான் கடை. போல்ட்டைப் பார்த்துவிட்டு, "இதவிட ஸ்ட்ராங்கா குடுக்கறேன், ஜென்மத்துக்கும் ஒடையாது" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிராக்டர் சாமான் விற்கும் கடையைத் தேடிப் போனோம். அங்கே இருந்தது. ஒரு பெட்டியாகவே வாங்கினேன். ஆக்ஸா பிளேடும் ஒரு கட்டு வாங்கினேன். பையில் போடும்போதே மழை இறங்கிவிட்டது.

கடை வாசலில் நின்றோம். சாக்கடை நிரம்பிச் சாலைக்கு வந்தது. அக்கா உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ, "உன் வீட்டுக்காரருக்கு அந்தக் கம்பிலதான் கால் போச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்கா."

அக்கா மழைக்குள் கையை நீட்டிப் பார்த்தார். "நின்னா நிக்கப் போவுதா இது? வா, நனைஞ்சிக்கினே போலாம்" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது உழுத மண் களியாகியிருந்தது. இனி அன்றைக்கு அதில் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியைச் சரிவிலிருந்து மேலே ஏற்றினால் போதும் என்று ஆனது. ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு முதல் கியரில் ஏறினேன். பின்சக்கரம் ஒரே இடத்தில் சுற்றியது. முன்சக்கரம் இடது பக்கம் வழுக்கி, கீழே பாறை இருக்கும் பக்கமாகப் போனது. பிரேக்கை அழுத்தினேன், நிற்கவில்லை. அக்கா கத்திக்கொண்டே ஓடிவந்து, விதை வைத்திருந்த சாக்கையே கொட்டிவிட்டுச் சக்கரத்தின் முன்னால் எறிந்தார். ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கினேன். அது நங்கூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது.

சாக்கை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு முழம் ஒரு முழமாக மேலே வந்தோம். சாலைக்கு ஏறியதும் அக்கா அங்கேயே சேற்றில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஏன் சிரிக்கிறார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் வந்துவிட்டது.

வீட்டுத் தெருவில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் லைனின் கோடியில் நின்றிருந்தார். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல், தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்த நாட்கள். போன் சுவிட்ச் ஆஃப் என்று வந்ததாம். மழையில் என் போன் செத்துப்போனது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. வண்டியை நிறுத்தியதும் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரோட்டவேட்டரின் ஓரத்தில் கையை விட்டுத் துழாவினார். விரலை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார். "எண்ணெ கசியுது. ரோப்பு ஆயில் சீல அறுத்துடுச்சி" என்றார். விரலைத் துடைத்துக்கொண்டே, "அப்பவே கெட்டி போல்ட் போட்டு ஓட்டியிருந்தா எண்ணெ இல்லாம கியர்பாக்ஸ் மொத்தமா காலியாயிருக்கும்" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ரோட்டவேட்டரைப் பார்த்துத்தான் சொன்னார்.

மண் காய்வதற்கு ஆன நாட்களில் நாங்கள் இருவரும் அந்த ஆயில் சீலை மாற்றினோம். அவர் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு சொல்லுவார், நான் கழற்றுவேன். சீலைப் பிடித்திருந்த வளையம் வெளியே வராமல் அடம்பிடித்தது. அவர் பொறுமை இழந்து ஸ்பேனரைக் கேட்பார், நான் கொடுக்கமாட்டேன். "நீங்க சும்மா உக்காருங்க" என்பேன். "சும்மா உக்காரத்தான் முடியலியே" என்பார். எனக்கும் அதேதான். வானம் மூடியிருந்தால் மழையோ என்று பயம். திறந்திருந்தால் அக்காவின் மண் இறுகிவிடுமோ என்று பயம்.

மறுபடி போய் மீதிப் பாதியை முடித்துக் கொடுத்தேன். கேவுரு இரண்டு பாகமாக வந்தது. மேல்பாதி முழங்கால் உயரம் இருக்கும்போது கீழ்ப்பாதி கணுக்கால் அளவுதான். நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். பார்க்க வருகிறவர்களிடம் அக்கா, "அது மழைக்கு முன்ன, இது மழைக்கு அப்பால" என்று சொல்லிச் சிரிப்பார். கீழ்ப்பாதியில் விளைச்சல் குறைவுதான். ஆனாலும் அடுத்த விதைப்புக்கு இப்போதே என்னைச் சொல்லி வைத்துவிட்டார்.

காலில் கட்டுப் பிரித்ததும் என் வீட்டுக்காரர் முதலில் செய்தது, டிராக்டரில் ஏறியதுதான். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே நடந்தேன். கிளட்சை அழுத்த வேண்டியது இடது கால். அழுத்தினார். சற்று நேரம் பிடித்தார். பிறகு கால் வெடவெடவென்று நடுங்கியது, வண்டி குதித்துக் குதித்து நின்றுபோனது. இன்னொரு முறை பார்த்தார். அதற்கடுத்த முறையும். இறங்கி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்று மதியம் சோறு வைத்ததும் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரு போகப் போக சரியாவும்னாரே" என்றேன்.

"அது வரிக்கும் இன்னா பண்ணச் சொல்றே, ஜன்னல்ல உக்காந்து கரண்ட் கம்பில குருவி எண்ணவா?"

அவருடைய இடத்தில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேனோ என்று ஓர் எண்ணம் வந்தது. அதே நேரம், இறங்கச் சொன்னால் இறங்க எனக்கு இஷ்டமும் இல்லை. ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் நான் கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கையில் பக்கத்து வீட்டில் வாங்கிய கடப்பாரை. எங்கே என்று கேட்டேன். "உன் கூடத்தான். முன்னாடி நடந்து மண்ண குத்திப் பாக்கறேன். எங்கெங்க ரோப்பு கீதோ, சுரங்கத்து தண்டவாளம் கீதோ, யாருக்குத் தெரியும்?" என்றார்.

இப்போது அப்படித்தான் போய்வருகிறோம். மைசூர் மைன்ஸ் பக்கமோ வேறு எங்கோ, முதலில் அவர் வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நொண்டிக்கொண்டே நடப்பார். நான் வண்டியில் உட்கார்ந்து காத்திருப்பேன். காத்திருப்பது எனக்கு இன்னும் வரவில்லை. கியரைத் தொடுவேன், கிரேட்டில் எல்லாம் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். போன வாரம் ஒரு மல்பெரித் தோட்டத்தில் கடப்பாரை டிங் என்றது. கையைத் தூக்கினார். இறங்கி ஓடினேன். இருவரும் குனிந்து மண்ணை விலக்கினோம். வெறும் கல். நல்ல பெரிய கல். அவர் அதைப் புரட்டி ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தார், அசையவில்லை. நானும் தோளைக் கொடுத்தேன். அப்போதும் அசையவில்லை.

"சுத்திக்கினு போ" என்றார்.

நான் ஏறி, சுற்றிக்கொண்டு போனேன்.